பிடுங்கச் சொன்ன பல்லுக்குள் ஒரு லாடம்

கேள்வி: எனக்கு வயது 41. காரைக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு இடது பக்கம் கீழே, கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தார்கள். (ஞானப்பல்லை முன்பே எடுத்தாகிவிட்டது, அந்தப் பக்கம் இப்போது இதுதான் கடைசிப் பல்.) மூன்று முறை போனேன். மூன்று கெனாலையும் அடைத்துவிட்டதாகச் சொல்லி கேப் போட்டார் டாக்டர். ஏழெட்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு முறுக்கு, சீடை என்று எதையாவது கடித்தால் மந்தமாக ஒரு வலி. அப்புறம் ஈறில் ஒரு பரு. உடைந்து போகும், திரும்ப வரும். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "இது சாதாரணப் பல் இல்லை, சி வடிவ கெனால். எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இன்னொருவர் மைக்ரோஸ்கோப்பில் திரும்பச் செய்து பார்க்கலாம், முதலில் ஒரு ஸ்கேன் எடுங்கள் என்கிறார். முதல் டாக்டர் என்னை ஏமாற்றிவிட்டாரா? பல்லை எடுப்பதா, வைப்பதா? என் மகளுக்கும் இப்படி இருக்குமா? பல்லைப் பிடுங்கினால் கண்ணுக்குக் கெடுதல் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். எக்ஸ்ரேயை போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மாமியார் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், இருப்பதிலேயே சுலபமானது அதுதான். பல்லின் உணர்ச்சி ஐந்தாவது மண்டை நரம்பின் வழியாகப் போகிறது, பார்வை இரண்டாவது மண்டை நரம்பின் வழியாக. இரண்டுக்கும் பாதை வேறு. அந்த ஐந்தாவது நரம்புக்கே கண்ணைச் சுற்றிய தோலுக்குப் போகும் ஒரு கிளையும் உண்டு என்பதால், பல் வலிக்கும்போது சிலருக்குக் கண்ணோரமும் சேர்ந்து வலிக்கும். அந்த அனுபவத்தில் கிளம்பிய பேச்சாக இருக்கலாம். பல்லைப் பிடுங்கினால் பார்வை போகாது. ஆனால் உங்கள் பல்லை இப்போதே பிடுங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

ஏமாற்றினாரா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனில் எடுத்த எக்ஸ்ரே படத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தப் படத்தில் தெரிவது இதுதான்: பல்லின் இரண்டு வேர்களும் கால் அகட்டி நிற்காமல் ஒட்டிப்போய் ஒரே கூம்பாக இறங்குகின்றன. உள்ளே வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது அடைத்த மருந்து. அவற்றில் இரண்டு நுனியை நெருங்கும்போது ஒன்றோடொன்று சேரப் பார்க்கின்றன. நடுவில் மங்கலாக ஒரு சாம்பல் பட்டை, அதில் மருந்து இல்லை. வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்த கருநிழல். மூன்று கோடும் நீளம் சரியாக, ஒழுங்காகத்தான் அடைக்கப்பட்டிருக்கின்றன. மனிதர் மூன்று குழாயைத் தேடியிருக்கிறார், மூன்றும் கிடைத்திருக்கிறது, அடைத்துவிட்டார். சிக்கல் என்னவென்றால் உங்கள் பல்லில் இருப்பது மூன்று குழாய் இல்லை.

உங்களுடையது கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல். வழக்கமாக அதற்கு முன்னால் ஒரு வேர், பின்னால் ஒரு வேர். முன்வேருக்குள் இரண்டு கெனால், பின்வேருக்குள் ஒன்று. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தருவது இந்தக் கணக்குத்தான், பெரும்பாலான பற்கள் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவும் செய்யும். உங்களுடையதில் இரண்டு வேரும் கன்னப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நாக்குப் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம் விட்டிருக்கிறது. வெளிவேர் அப்படி வளைந்ததால் உள்ளே இருக்கும் இடமும் அப்படியே வளைந்துவிட்டது. பல்லைத் திறந்து மேலிருந்து பார்த்தால் மூன்று புள்ளிக்குப் பதிலாகக் குதிரை லாடம் மாதிரி ஒரு பிளவு தெரியும், அதன் திறந்த பக்கம் நாக்கைப் பார்த்திருக்கும். உண்டியல் வாயை வளைத்துவைத்தால் எப்படியோ அப்படி. அந்தப் பிளவு சில பற்களில் நுனிவரை ஒரே பட்டையாக இறங்கும். சிலவற்றில் மேலே பட்டையாகத் தொடங்கி நடுவில் இரண்டாகப் பிரிந்து கீழே மறுபடி சேரும். இன்னும் சிலவற்றில் மேலே மூன்று தனித்தனி வாய்கள் இருப்பதுபோலத் தெரிந்து, கொஞ்சம் கீழே போனால்தான் எல்லாம் ஒன்று என்று புரியும். உங்கள் டாக்டர் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இது நோய் இல்லை. பல் வளரும்போது வேருக்கு அச்சு மாதிரி ஒரு மெல்லிய உறை இருக்கும், ஹெர்ட்விக் உறை என்று பெயர். வேர் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அந்த உறை இரு பக்கத்திலிருந்தும் நாக்கு நீட்டி நடுவில் சந்தித்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீட்டாமல் நின்றுவிட்டால் வேர் பிரியாது, லாடமாகிவிடும். கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல் ஈறைவிட்டு வெளியே வருவது 12 வயதுவாக்கில், அதன் வேர் முழுதாக முடிவது 14, 15 வயதில். ஆக, நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே முடிந்துபோன விஷயம் இது. நீங்கள் சாப்பிட்டதற்கும் பல் துலக்கியதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சீனா, கொரியா பக்கத்தில் இது சர்வசாதாரணம். அங்கே நடந்த ஆய்வுகளில் கீழ் இரண்டாம் கடைவாய்ப் பற்களில் நூற்றுக்கு முப்பது, நாற்பதுவரை இந்த வடிவம் பதிவாகியிருக்கிறது. நம்மிடம் அதைவிட மிகக் குறைவு, நூற்றுக்குப் பத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்று என்றாலும் அது குறைவில்லை, பாருங்கள். வாரத்துக்கு ஐந்தாறு கடைவாய்ப் பல் திறக்கிற ஒரு டாக்டர் வருடத்தில் பல தடவை இதைச் சந்தித்திருப்பார், சந்தித்தது தெரியாமலும் இருந்திருப்பார். இந்தப் பெயரோடு குக், காக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியதே 1979-ல்தான்.

ஆனால் பல்லுக்குள் ஒழுங்கான குழாய்தான் இருக்கும் என்ற நம்பிக்கை உடைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரை அழுத்திச் செலுத்தி, கெட்டிப்படுத்தி, பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டு உள்ளே மிஞ்சிய அச்சை மட்டும் எடுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கான பற்கள். அந்த அச்சுகளின் படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது இது பல்லா, மரத்தின் வேரா என்று குழம்பினேன். அத்தனை கிளை, அத்தனை வலை. எக்ஸ்ரேயில் நாங்கள் காட்டுகிற இரண்டு கோடு அதன் முன்னால் குழந்தை கிறுக்கியது மாதிரி.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே என்பது நிழல். தோல்பாவைக் கூத்தில் ஒரு பாவைக்குப் பின்னால் இன்னொரு பாவையை நேராகப் பிடித்தால் திரையில் ஒன்றுதான் தெரியும், அதே கதை. கன்னத்திலிருந்து நாக்கு நோக்கி அடித்த ஒளியில், அந்தத் திசையிலேயே வளைந்து கிடக்கிற ஒரு பிளவு தன் முழு உருவத்தைக் காட்டாது. ஒட்டிப்போன வேர், நடுவில் மங்கல், பெரிதான பற்கூழ் (பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) அறை என்று சில அடையாளங்கள் மட்டும் இருக்கும். சந்தேகப்படத் தெரிந்தவர் கண்ணுக்கு அது போதும். இன்னொரு வேடிக்கை, சிகிச்சையின்போது உள்ளே ஊசி போன்ற ஃபைலை விட்டு எக்ஸ்ரே எடுத்தால் அது இரண்டு வேருக்கும் நடுவே பல்லைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குள் போய்விட்டது மாதிரியே தெரியும். பயந்துபோய் நிறுத்தியவர்கள் உண்டு.

சரி, மூன்று இடத்தில் அடைத்தும் ஏன் சீழ் பிடித்தது? நாங்கள் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் ஃபைல் உருண்டை, சுற்றிச் சுழலுவது. உருண்டையான குழாயில் அது சுவரெல்லாம் தொட்டுச் சுரண்டும். பட்டையான பிளவில் மூன்று உருண்டை ஓட்டையை மட்டும் போட்டுவிட்டு இடையில் உள்ளதை அப்படியே விட்டுவிடும். வீட்டில் வெண்கலக் குத்துவிளக்கு தேய்ப்பீர்கள்தானே, தேங்காய் நார் தட்டையான இடத்தைப் பளபளப்பாக்கிவிடும், தண்டில் உள்ள வளையங்களின் இடுக்குக்கு மட்டும் புளியைப் பூசி ஊறவைத்தால்தான் பச்சைக்களிம்பு போகும். இந்தப் பல்லும் அப்படித்தான். தேய்ப்பது பாதி வேலைகூட இல்லை, ஊறவைப்பதுதான் சிகிச்சை. ஊறவைக்கும் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் வாசனை அடிக்குமே அதுதான். அது செத்த திசுவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். உங்களுக்கு மூன்று முறை போனபோது அந்த வாசனை வந்ததா, வாயில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ரப்பர் டேம் என்ற அந்த விரிப்பு 1864-லிருந்து இருக்கிறது, இன்னும் நம் ஊரில் பல இடங்களில் அதைக் கட்டுவதில்லை. எச்சில் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எந்த வடிவப் பல்லையும் சுத்தம் செய்துவிட முடியாது. இதில் மட்டும் எனக்குச் சமாதானமே கிடையாது.

உள்ளே மிஞ்சிய ஒரு துணுக்குத் திசு இவ்வளவு செய்யுமா என்றால், திசு தனியாகச் செய்யாது, கிருமியோடு சேர்ந்தால் செய்யும். 1965-ல் அமெரிக்காவில் ககேஹாஷி என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள், சாதாரணமாக வளர்த்த எலிகள் என்று இரண்டு கூட்டம். இரண்டின் பல்லிலும் துளைபோட்டு உள்ளே இருக்கும் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகி வேர் நுனியில் சீழ் வைத்தது. கிருமியில்லாத எலிகளின் பல்லோ துளையைத் தானே மூடிக்கொள்ளப் பார்த்தது. திறந்த காயத்தில் சாப்பாட்டுத் துணுக்கு அடைந்திருந்தும்கூட! எங்கள் தொழில் முழுவதும் அந்த எலிகள்மீது நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

நானும் இந்த விஷயத்தில் யோக்கியன் இல்லை. மேற்படிப்பில் இருந்தபோது இதே வடிவப் பல் ஒன்றில், விட்டுப்போன திசுவை எடுத்தே தீருவேன் என்று பெரிய ஃபைலாகப் போட்டு நாக்குப் பக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் வெளியே பள்ளம் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, அங்கே சுவர் காகிதம்போல இருக்கும். திடீரென்று ரத்தம். துளைத்துவிட்டேன். பின்னால் வந்து நின்ற பேராசிரியர் திட்டவில்லை, "இந்தப் பல்லுல கைய அடக்கணும், மருந்த அவிழ்த்து விடணும்" என்று மட்டும் சொன்னார். அந்த நோயாளி ஒரு வருடம் கழித்துப் பல்லை இழந்தார். அதற்குப் பிறகு ஒட்டிய வேரைப் பார்த்தாலே முதலில் நாற்காலியைச் சாய்த்து நோயாளியோடு ஐந்து நிமிடம் பேசுவேன்: உங்கள் பல் இப்படி, இதில் இது இது நடக்கலாம், முடியாவிட்டால் வேறொருவரிடம் அனுப்புவேன். உங்கள் முதல் டாக்டர்மேல் எனக்கு வருத்தம் என்றால் அது இதில்தான். மூன்றாவது முறை உட்கார்ந்தபோதாவது வேர் ஒட்டியிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏமாற்றப்பட்டதாக நீங்கள் இப்போது நினைத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது எடுப்பதா வைப்பதா. மதுரை டாக்டர் சொன்னது அபத்தமில்லை. ஆனால் அவசரம். சி வடிவம் என்பது மட்டுமே ஒரு பல்லைப் பிடுங்கக் காரணம் ஆகாது. பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்குக் காரணம் வேறாக இருக்கும், அது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முக்கியமாக வேரில் கீறல். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் அதற்கு மேல் மைக்ரோஸ்கோப்பும் இல்லை மறுசிகிச்சையும் இல்லை, எடுத்துவிடுவதுதான் வழி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு அளவுக்கோலை விட்டுச் சுற்றிலும் மெதுவாக நகர்த்திப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்குகிற கோல் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் எட்டு, ஒன்பது என்று விழுந்தால் கீறல் சந்தேகம். இங்கே ஒரு எச்சரிக்கை: உங்கள் பல்லில் நாக்குப் பக்கத்துப் பள்ளம் இருப்பதால் கீறல் இல்லாமலேயே அந்த இடத்தில் கோல் ஆழமாக இறங்கலாம். இதைத் தெரியாமல் கீறல் என்று முடிவுகட்டிப் பிடுங்கப்பட்ட பற்கள் நிச்சயம் இருக்கும். அதனால் "எந்தப் பக்கம் இறங்குகிறது" என்று கேளுங்கள். அடுத்து, கேப்பைக் கழற்றிய பிறகு மேலே மிச்சப் பல் எவ்வளவு நிற்கிறது, உள்ளே சொத்தை பரவியிருக்கிறதா, புதிய கேப் பிடித்துக்கொள்ள ஈறுக்கு மேலே கொஞ்சம் சுவர் உண்டா என்பது. பல்லே இல்லாத வேரை எவ்வளவு சுத்தம் செய்தும் என்ன பிரயோஜனம்.

ஈறில் வரும் அந்தப் பருவும் ஒரு துப்பு. அதன் வாய் வழியாக மெல்லிய, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கட்டாபெர்ச்சா குச்சியை (கெனாலை அடைக்கிற ரப்பர் மாதிரியான பொருள்) மெதுவாக உள்ளே விட்டுப் படம் எடுத்தால் சீழ் எங்கிருந்து புறப்படுகிறது என்று அதுவே கையைப் பிடித்துக் காட்டும். வலிக்காது, நம்புங்கள். பக்கத்துப் பல்லிலிருந்து வந்துகொண்டிருந்தது என்று தெரிந்து எல்லோரும் அசடுவழிந்த சம்பவங்கள் உண்டு.

ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் சரியாகச் சொன்னார். அது சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே. பல்லைப் பனங்கிழங்கு நறுக்குவதுபோல மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகப் பார்க்கலாம், லாடம் எந்த ஆழத்தில் எப்படி மாறுகிறது, எங்கே மருந்து இல்லை, நாக்குப் பக்கச் சுவர் எவ்வளவு மெலிசு என்று எல்லாம் தெரியும். தாடை முழுவதற்கும் எடுக்க வேண்டாம், அந்த ஓரிரு பல் அளவுக்குச் சின்ன வட்டம் எடுக்கச் சொல்லுங்கள், கதிர்வீச்சும் குறைவு படமும் துல்லியம். ஒன்றே ஒன்று, அடைத்த மருந்தும் கேப்பும் அதில் பளிச்சென்று மின்னிக் கோடு கோடாக மறைக்கும். அதனால் மெல்லிய கீறலை ஸ்கேன் காட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

கீறல் இல்லை, மேலே பல்லும் இருக்கிறது என்றால் என் ஓட்டு மறுசிகிச்சைக்கு. எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கேப்பைக் கழற்றி, பழைய மருந்தைச் சூட்டிலும் கரைப்பானிலும் இளக்கி எடுப்பார்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மூன்று ஓட்டைகளுக்கும் நடுவில் விட்டுப்போன பிளவை, அதிர்ந்துகொண்டிருக்கும் மெல்லிய அல்ட்ராசோனிக் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். அப்புறம் ஊறவைத்தல், அந்த ஹைப்போகுளோரைட்டை நிரப்பி அதையும் அதிரவைத்து, மாற்றி மாற்றி. ஒரு அமர்வு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம், அதற்குத் தயாராகப் போங்கள். அதில் பெரும்பகுதி ஒன்றும் நடக்காததுபோல்தான் இருக்கும். இருபது நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இந்தப் பல்லைக் கொடுக்க வேண்டாம். முடிவில் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பசையாக உள்ளே வைத்து ஓரிரு வாரம் மூடிவைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் அதே பொருள்தான், மருத்துவத்துக்குச் சுத்தமாக்கியது, அவ்வளவுதான். 1920-ல் ஹெர்மன் என்பவர் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார், இன்னும் ஓய்வு பெறவில்லை. (தயவுசெய்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து ஈறில் வைத்துவிடாதீர்கள், வெந்துபோன ஈறோடு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன்.) பருவும் வலியும் அடங்கிய பிறகு நிரந்தரமாக அடைப்பது. இங்கேயும் குச்சி குச்சியாக வைத்தால் மறுபடி பட்டை காலியாக நிற்கும். கட்டாபெர்ச்சாவைச் சூடாக்கி மெழுகு மாதிரி இளகவைத்து அழுத்தி நிரப்ப வேண்டும், அப்போதுதான் லாடத்தின் வளைவெல்லாம் போய் உட்காரும்.

பலிக்குமா? பொதுவாக மறுசிகிச்சை செய்த பற்களில் நான்கில் மூன்று ஆறிவிடுகின்றன. உங்கள் பல்லின் விசித்திரத்துக்கு அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், முதல்முறை தொடாத இடம் என்று ஒன்று தெளிவாக இருப்பதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கே தவறு என்று தெரியாத பல்லைவிடத் தவறு தெரிந்த பல்லுக்கு மறுசிகிச்சை செய்வதில் எனக்கு நம்பிக்கை அதிகம். எலும்பு திரும்ப நிரம்ப மெதுவாகத்தான் ஆகும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும், சிலருக்கு மூன்று நான்கு வருடம்கூட ஆகிறது. நிழல் சுருங்கிக்கொண்டே வந்தால் போதும்.

அதுவும் தோற்றால்? மற்ற பற்களில் ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைப்போம். கீழ் இரண்டாம் கடைவாயில் அது பெரும்பாடு, கன்னப் பக்க எலும்பு அங்கே தடிமன், கீழே உதட்டுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். இவ்வளவு தொல்லை கொடுத்த அந்த ஒட்டிய கூம்பு வேர் இங்கே உதவிக்கு வருகிறது. அகட்டி நிற்கும் வேர்களைப் பிடுங்கினால் உடையும், கூம்பு வேர் முழுசாக வழுக்கிக்கொண்டு வரும். அதனால் பல்லை வேண்டுமென்றே மெதுவாகக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நுனியை வெட்டி அடைத்து, பதினைந்து நிமிடத்துக்குள் அதே குழியில் திரும்ப வைத்துவிடலாம். கேட்டால் சர்க்கஸ் மாதிரி இருக்கும், ஆனால் சரியான பல்லைத் தேர்ந்தெடுத்தால் நல்ல பலன் தரும் பழைய முறை. மதுரை டாக்டரிடம் போனால் இதைப் பற்றியும் கேளுங்கள், எப்படியும் பிடுங்கத்தானே நினைக்கிறார்.

இம்ப்ளாண்ட் எனக்கு விரோதி இல்லை, நானே அதற்குப் பலரை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது இன்று வைத்தாலும் ஐந்து வருடம் கழித்து வைத்தாலும் இம்ப்ளாண்ட்தான், பிடுங்கிய பல் திரும்ப வராது. இன்னொன்றையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: கடைசியில் பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்றாகி, அந்தப் பக்கம் முன்னால் உள்ள பற்களெல்லாம் நன்றாக இருந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டும் வாழலாம். இரண்டாம் கடைவாய் ஒன்று இல்லாததால் சாப்பாடு நின்றுவிடாது. மேல்பல் எதிர்த்துணை இல்லாமல் கொஞ்சம் இறங்கும், அதைக் கண்காணித்தால் போதும். கையில் காசு இல்லாமல் கடன் வாங்கி இம்ப்ளாண்ட் வைத்தே தீரவேண்டிய இடம் இது இல்லை.

யாரிடம் போவது? ஊர், பெயர் சொல்லமாட்டேன். எம்டிஎஸ் கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸ் படித்தவரா, மைக்ரோஸ்கோப் அவரிடம் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1990-களின் கடைசியிலிருந்து இந்த மேற்படிப்பில் மைக்ரோஸ்கோப் பயிற்சி கட்டாயம், நம் ஊரில் இன்னும் ஆளைப் பொறுத்தது. கண்ணாடியில் மாட்டும் பூதக்கண்ணாடியும் மைக்ரோஸ்கோப்பும் ஒன்றில்லை. செலவு கையைக் கடித்தால் உங்களுக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய அரசுக் கல்லூரி இருக்கிறது. போவதற்கு முன் அந்தத் துறையில் மைக்ரோஸ்கோப் வசதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு தப்பு செய்யாதீர்கள். பரு வரும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலின் வாங்கிப் போடுவது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வதால் கேட்காமலே சொல்கிறேன். மாத்திரை ரத்தத்தில்தான் போகும், நரம்பும் ரத்தக்குழாயும் எடுக்கப்பட்ட பல்லுக்குள் ரத்தம் போகாது. பரு உடைந்ததும் வலி விடுவது சீழுக்கு வடிகால் கிடைத்ததால், ஆறியதால் இல்லை. அதே சமயம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்க சிரமம், காய்ச்சல் என்று வந்தால் ஸ்கேன், மைக்ரோஸ்கோப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாம் கடைவாயின் வேர் நுனி, வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசைக்கும் கீழே இருக்கிறது. அங்கே புறப்படும் சீழ் வாய்க்குள் வராமல் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கக்கூடும். ஆபத்து என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

மகளுக்கு இருக்குமா என்றால், இருக்கலாம். நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசப்படுகிற ஒரு வடிவம் பரம்பரையாக வருவதுதான். ஆனால் அதற்காக இப்போது ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. சொத்தை வராதவரை பல்லுக்குள் லாடம் இருந்தால் என்ன, சங்கு சக்கரம் இருந்தால் என்ன. கடைவாய்ப் பல் முளைத்ததும் அதன் மேலுள்ள பள்ளங்களை சீலன்ட் வைத்து மூடச் சொல்லுங்கள், அது போதும். கவலைப்பட வேண்டியது உங்கள் வலப்பக்கத்தைப் பற்றி. இந்த வடிவம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் வரும். வலது கீழ் இரண்டாம் கடைவாய்க்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்து வேர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சின்ன சொத்தை இருந்தால் சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிடுங்கள். என்றைக்காவது அந்தப் பல்லில் யாராவது ட்ரில்லை எடுத்தால், அதற்கு முன் நீங்களே வாயைத் திறந்து "இடது பக்கம் சி வடிவம் டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதுவார்களோ மாட்டார்களோ, உங்களுக்கு நினைவிருக்கும்.

மறுசிகிச்சைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், முக்கியமாக ரூட் கெனால் செய்வதற்கு முன்பு எடுத்தது, உள்ளே மருந்து இல்லாத அந்தப் படம்தான் அதிகம் பேசும். முதல் டாக்டரிடமே கேட்டு வாங்கலாம், சண்டை போடாமல். கேப்பைக் கழற்றும்போது அது உடைந்தால் பதற வேண்டாம், புதிதாக ஒன்று எப்படியும் போடத்தான் வேண்டும்.